வீட்டுப் பாடம்: சோழர் வரலாற்றுக்கு ஒர்க்புக் நாமே தயாரிப்பது எப்படி? அவசரம்

கேட்டவர்:
வணக்கம். வெளிநாடு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகளுக்கு இந்த வருஷம் வீட்டிலேயே பாடம். பாடநூல் வேண்டாம், கதைபோல ஓடும் புத்தகமாகப் படிக்கட்டும் என்று சோழர் வரலாறு ஒன்று கொண்டுவந்தேன், 200 பக்கம். அதற்கு ஒர்க்புக் கிடைக்கவில்லை. அத்தியாயத்துக்கு 20 கேள்வி நானே எழுதினேன். இப்போது புத்தகத்தையே தொடமாட்டேன் என்கிறாள். திங்கட்கிழமை தொடங்கணும். உதவுங்கள்.

பதில் 1:
எந்த நாடு என்று சொல்லவே இல்லையே தங்கச்சி? முதலில் சட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்குப் பொதுவாக இடமே இல்லை. பிரான்சில் 2022 முதல் முன் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. சில மாநிலங்களில் பிள்ளையின் வேலையைக் கோப்பாகக் காட்டணும். புதிதாக வந்த அலைச்சலில் தாள்களைத் தொலைத்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் அதிகம். ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள்.

பதில் 2:
ஒர்க்புக்கே வேண்டாம். 10 நிமிடம் வாசியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், கேட்டதை அவளே சொல்லட்டும். இடையில் திருத்தாதீர்கள். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் வழி இதுதான். கோடில்லாத நோட்டு ஒன்று போதும்.

பதில் 3:
சோழர் விஷயத்தில் அது மட்டும் போதாது. ராஜராஜன், ராஜேந்திரன், ராஜாதிராஜன் என்று பெயர்கள் வரிசையாக வரும்போது பிள்ளை குழம்பி, சொல்வதையே நிறுத்திவிடும். வாசிக்கும் முன்பே கண்ணில் படும்படி நோட்டுப் பக்கத்தின் தலையில் 3 பெயர் இருக்கணும்.

பதில் 4:
அதெல்லாம் சரி, தமிழ்ப் புத்தகம் கொண்டுவருவதே பெரிய பாடு. விமானப் பெட்டியில் எடை குறைக்கச் சொன்னால் முதலில் வெளியே போவது அதுதான்.

பதில் 5:
கொண்டுவந்தாலும் பிள்ளைகள் தமிழில் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். ஊரிலிருந்து போன் போட்டால் "இன்னும் ஸ்கூல்ல சேர்க்கலையா?" என்ற கேள்வி வேறு.

பதில் 3:
கேட்டவருக்குத் திங்கட்கிழமைக்கு வேண்டியதைச் சொல்லிவிடலாம். வயது சொல்லவில்லை, 8 முதல் 11 என்று வைத்துக்கொள்கிறேன்.

அத்தியாயக் கணக்கை விடுங்கள். வாரம் 2 வாசிப்பு, தடவைக்கு 8 பக்கம். 200 பக்கம் 13 வாரத்துக்குள் முடியும். ஒரு வாசிப்புக்கு ஒரே தாள். ராஜேந்திரனின் கங்கைப் படையெடுப்பு என்றால் தாளின் தலையில் மகிபாலன் (வங்காள அரசன்), கங்கைகொண்ட சோழபுரம் (புதிய தலைநகர்), சோழகங்கம் (அங்கே வெட்டிய ஏரி) என்ற மூன்று பெயர். நடுவில் அரைப் பக்கம் காலி: படமோ எழுத்தோ, அவள் விருப்பம். கீழே கிழக்குக் கரையின் வெற்று வரைபடம், படை போன வழியை அவளே கோடு இழுக்கணும். கேள்வி ஒன்றே ஒன்று, ஒரு சொல்லில் பதில் வராததாக: "கங்கை நீரை அவ்வளவு தூரம் சுமந்துவரச் செய்தது ஏன்?" கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வி வைத்தால் பிள்ளை கதையை விட்டுவிட்டு விடையை மட்டும் தேடும். உங்கள் 20 கேள்வியில் நடந்தது அதுதான். ஆங்கிலத்தில் சொன்னாலும் தடுக்காதீர்கள். பெயர்களைத் தமிழில் எழுதினால் போதும்.

காலக்கோடு தனி. 1 செ.மீ.க்கு 10 வருஷம். ஏ4 தாளைப் படுக்கையாக வைத்தால் ஓரம் போக 25 செ.மீ., அதாவது 250 வருஷம். சோழர் காலம், 850 முதல் 1279 வரை, 2 தாளில் அடங்கும். 985 (ராஜராஜன் பட்டமேற்பு), 1010 (தஞ்சைப் பெரிய கோயில்), 1014 (ராஜேந்திரன் ஆட்சி), 1025 (கடல் கடந்த படையெடுப்பு) ஆகியவற்றை வாசிப்பில் வரும்போது அவளே குறிக்கட்டும், முன்கூட்டி அச்சடிக்காதீர்கள்.

பதில் 1:
அச்சில் ஒன்று கவனியுங்கள். அமெரிக்கா, கனடாவில் பிரிண்டரில் இருப்பது லெட்டர் தாள், ஏ4 அல்ல, நீளம் 27.9 செ.மீ.தான். பக்கத்துக்குப் பொருத்து என்ற தேர்வில் விட்டால் எல்லாம் சுருங்கி, 1 செ.மீ. 9.4 மி.மீ. ஆகிவிடும். ஸ்கேல் வைத்து அளந்தால் காலக்கோடு தப்பாக வரும். தாள் அளவை முதலிலேயே லெட்டர் என்று மாற்றிக்கொண்டு, 100 சதவீதத்தில் அச்சடியுங்கள். வண்ணம் தீட்டும் வரைபடத் தாள் கனமாக, 120 ஜிஎஸ்எம்மாக (தாளின் எடை அளவு) இருக்கட்டும். 80 ஜிஎஸ்எம்மில் ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும். ஸ்பைரல் போட இடப்பக்கம் 2.5 செ.மீ. விடுங்கள். கடையில் அச்சடிப்பதானால் எழுத்துருவைப் பிடிஎஃப்பிலேயே பதித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் கட்டம் கட்டமாக வரும்.

முதல் 4 தாள் மட்டும் இப்போது போடுங்கள். அவள் காலி இடத்தை எப்படி நிரப்புகிறாள் என்று பார்த்து மீதியைத் திருத்தலாம்.