துணிக் குடோனில் ரேக் அடித்த அனுபவம்

திருப்பூர்:
நான் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பனியன் கம்பெனிக்குத் துணி ரோல் அடுக்க ரேக் கேட்டார்கள். எட்டடி உயரம், நான்கு தட்டு, 2 எம்.எம். தடிமனில் சதுரக் குழாய். அவசர வேலை. பக்கச் சட்டத்தைத் தரையில் படுக்கப் போட்டு, மேல் முகத்தை முழுக்கப் பற்றவைத்த பிறகுதான் திருப்பினேன். குடோனில் நிமிர்த்தினால் ஒரு கால் தரையில் படவில்லை. அடியில் தீப்பெட்டி நுழைந்தது.

வெல்டிங் ஆறும்போது சுருங்கி, பற்றவைத்த பக்கமாகவே சட்டத்தை இழுத்துவிடும். தெரிந்தும் அவசரப்பட்டேன். முதலாளி, "காலுக்கடியில ஒரு தகடு வெச்சு உட்டுருங்க" என்றார். எனக்கு மனசு வரவில்லை. வளைந்த காலின் மேல் சுமை நேராக இறங்காது. கீழே நின்று ரோல் எடுப்பது பெரும்பாலும் பெண் பிள்ளைகள். "ரெண்டு நாள் குடுங்க, அறுத்து மாத்தித் தர்றனுங்க" என்று திருப்பிக் கொண்டுவந்தேன்.

இப்போதெல்லாம் எல்லா மூட்டிலும் முதலில் டேக், அதாவது புள்ளி மாதிரிச் சின்ன வெல்டிங் மட்டும்தான். மூலைமட்டம் வைத்து, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் டேப்பில் ஒன்றாக வந்த பிறகே முழு வெல்டிங். அதுவும் இங்கே ஓர் அங்குலம், எதிர் மூலையில் ஓர் அங்குலம், அப்புறம் சட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே மாதிரி. 2.5 எம்.எம். வெல்டிங் ராடு, 70 ஆம்பியர் பக்கம் போதும். அதற்கு மேல் ஏற்றினால் மெல்லிய குழாய் ஓட்டை விழுகிறது.

ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் என்றால் மூட்டைச் சுற்றிப் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள். என் பையன் ஒருநாள் பூச்சோடு அப்படியே பற்றவைத்தான். வெள்ளைப் புகை. சாயந்திரம் குளிர்காய்ச்சல், வாயெல்லாம் இரும்புச் சுவை. அது துத்தநாகப் புகை செய்கிற வேலை. பால் குடித்தால் போதும் என்பார்கள். பால் அதற்கு மருந்தே இல்லை.

பல்லடம்:
அண்ணா, எங்களுக்கு நூல் குடோன். உள்ளே வெல்டிங்கே வேண்டாம் என்று இப்போது போல்ட் ரேக்தான் மாட்டுகிறோம். முன்பு ஒருமுறை ஒரு தட்டை மட்டும் அங்கேயே பற்றவைத்தோம். பக்கத்திலிருந்த மூட்டையெல்லாம் ஒதுக்கித்தான் வைத்திருந்தோம். ஆனால் பொறி முப்பதடி தள்ளிக்கூடப் போகிறது. வேலை முடிந்து டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், சுவரோரப் பஞ்சுத் தூசியில் கருகல் வாசனை. தீ இல்லை, உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தது. ஒரு வாளித் தண்ணீரோடு போயிற்று. வெல்டிங் முடிந்தபின் ஒரு மணி நேரமாவது ஓர் ஆள் அங்கேயே நிற்கட்டும்.

இன்னொன்று. ஃபோர்க்லிஃப்ட் இடித்துக் கம்பெனித் தயாரிப்பு ரேக்கின் கால் நெளிந்தால், சூடுகாட்டி நிமிர்த்தவோ பட்டை வைத்துப் பற்றவைக்கவோ வேண்டாம். மேலிருக்கும் சுமையை முதலில் இறக்குங்கள். அந்தக் காலையே மாற்றுங்கள்.