ஸ்னூக்கர்ல சொல்லாம விட்ட ஃபவுல், உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கும்ல?

கடைசி_ரெட்:
ப்ரௌன், ப்ளூ, பிங்க், பிளாக், இந்த நாலு பந்துதான் பாக்கி, நான் 14 பாயிண்ட் பின்னாடி. அடிக்கிற வெள்ளைப் பந்து வந்து பிங்க்குக்கு முன்னாடி ஒட்டினாப்ல நின்னுடுச்சு, பிங்க் மேல விரலைத் தூக்கி பிரிட்ஜ் (கியூ குச்சியைத் தாங்குற கை) வச்சுதான் ப்ரௌனை அடிக்கணும். அடிச்சேன், விழுந்துச்சு. ஆனா அடிக்கறப்போ என் சட்டைக் கை பிங்க்கை உரசிடுச்சு, ஒரு மயிரிழை நகர்ந்துச்சு, நான் பார்த்தேன். எதிர்ல இருந்த பெரியவர் ஸ்கோர்போர்டு பக்கம் திரும்பி சாக் போட்டுட்டு இருந்தார். வாய் திறக்கல நான். நாலையும் போட்டு 22 (4, 5, 6, 7), எட்டு பாயிண்ட்ல ஜெயிச்சேன். "நல்லா கிளியர் பண்ணீங்க தம்பி"ன்னு கை குடுத்தார், குடுத்துட்டு போற போக்குல பிங்க் ஸ்பாட்ல, அதாவது பிங்க் நிக்கற புள்ளியில, விரலை வச்சு லேசா ஒரு தட்டு தட்டிட்டுப் போனார் பாருங்க. பார்த்தாரா இல்லையா? ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் அந்த விரல்தான் கண்ணு முன்னாடி நிக்குது.

எட்டாம்_நம்பர்:
இதுக்கா ரெண்டு வருஷம் தூக்கம் போச்சு? பூல்ல நாங்க ரெஃபரி இல்லாம ஆடுனா வெள்ளையைத் தொட்டாதான் ஃபவுல். மத்த பந்து கை பட்டு நகர்ந்தா எதிராளிகிட்ட சொல்லுவோம், அவர் வேணும்னா எடுத்து வைப்பார், இல்ல அப்படியே விட்டுருவார். ஒரு தடவை என் முழங்கை பட்டு எட்டாம் நம்பர் பந்து ஒரு சாண் உருண்டு போச்சு, எதிர்ல இருந்தவன் சிரிச்சுட்டே எடுத்து வச்சான், அடுத்த ஷாட்லயே என்னைத் தோக்கடிச்சான், அது வேற கதை.

டொக்_டொக்:
எட்டாம்_நம்பர், பூல் ரூலைக் கொண்டாந்து ஸ்னூக்கர்ல ஒட்டாதீங்க. இங்க எந்தப் பந்துல சட்டை பட்டாலும் ஃபவுல்தான். அதுவும் பிங்க்னா எதிராளிக்கு 4 பாயிண்ட் இல்ல, 6. விழுந்த ப்ரௌன் திரும்ப ஸ்பாட்டுக்கு வரும், பாயிண்ட் கிடையாது. அதாவது இவர் 20 பின்னாடி, டேபிள்ல 22, அடிக்கறது பெரியவர். மொத்த ஃப்ரேமே (அந்த ஒரு ஆட்டமே) மாறியிருக்கும், சும்மா "விடுங்க"ன்னு சொல்ற விஷயமா இது?

எனக்கும் ஒண்ணு இருக்கு. வெள்ளையும் ரெட்டும் கிட்டத்தட்ட ஒட்டி நின்னுச்சு, நான் தள்ளினது புஷ் ஷாட், கை உணர்வுலயே தெரிஞ்சுது. ஸ்கோர் போடுற மார்க்கர் அண்ணன்கூட கவனிக்கல. "ஃபவுல்"னு நானே சொல்லிட்டு நிமிர்ந்தேன். எதிர்ல இருந்தவர் ஒண்ணும் பேசல, கியூவோட அடிப்பக்கத்தால தரையில பாராட்டா ரெண்டு தட்டு, டொக் டொக். அந்த ஃப்ரேம் தோத்தேன். எத்தனையோ ஃப்ரேம் ஜெயிச்சிருக்கேன், ஒண்ணோட ஸ்கோரும் ஞாபகம் இல்ல, இந்தச் சத்தம் மட்டும் இருக்கு.

பழைய_ஆஷ்:
ஃபவுல் கதை இல்ல, ஆனா எனக்கும் உறுத்தல்தான். ஹால்ல ஒரு மூத்தவர் தன்னோட பழைய ஒன்-பீஸ் கியூவை ஒரு வாரம் ஆடச் சொல்லிக் குடுத்தார். கை வழுக்கி ஓடலையேன்னு நான் சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்ச்சுட்டேன். திருப்பிக் குடுத்தப்போ கட்டைவிரலை ஷாஃப்ட்ல (கியூவோட மரத்தண்டுல) ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார், நடுவுல விரல் நின்னுச்சு, அவ்ளோதான். திட்டியிருந்தா தேவலை.

அதனால சொல்றேன், பழைய கியூ கிடைச்சா சாண்ட்பேப்பரைத் தொடாதீங்க. மரம் தேய்ஞ்சா தேய்ஞ்சதுதான், திரும்ப வராது. ஈரத் துணியை நல்லாப் பிழிஞ்சு துடைங்க, உடனே காய்ஞ்ச துணி, அப்புறம் லின்சீட் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும். நேரா இருக்கான்னு டேபிள்ல உருட்டிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, நிறைய ஸ்னூக்கர் கியூல அடிப்பக்கம் ஒரு பக்கம் தட்டையா சீவியிருக்கும், நல்ல கியூவே தத்தித் தத்திதான் உருளும். கண்ணுக்கு நேரா பிடிச்சு நீளவாக்குல பாருங்க, திருப்பித் திருப்பி. சுவத்துல சாய்ச்சு வைக்காதீங்க, வெயில்ல நிக்கிற கார்ல விடாதீங்க, வளைஞ்சுடும். அடிப்பக்கத்துல கருங்காலி மரம் ஒட்டியிருக்கற ஸ்ப்ளைஸோட நுனி கூரா ஒரே அளவுல இருந்தா மெஷின் வேலை, வளைஞ்சு உருண்டையா முடிஞ்சா கைவேலை. அப்புறம் பேட்ஜைப் பார்த்து மயங்காதீங்க, பழைய ஸ்னூக்கர் சாம்பியன் ஜோ டேவிஸ் பேரு பேட்ஜ்ல இருந்தா அவர் கையில இருந்த கியூன்னு அர்த்தம் இல்ல, அது கடையில வித்த சரக்கு. நுனியில இருக்கற டிப்பை மாத்தறப்போ அதுக்குக் கீழ இருக்கற பித்தளை வளையத்தையும் (ஃபெர்ரூல்) சேர்த்து ராவிடாதீங்க...

எட்டாம்_நம்பர்:
அண்ணே, கியூ பராமரிப்பு இங்க யாரு கேட்டா? 😄 பாவம் அந்த மூத்தவர்.

கடைசி_ரெட்:
டொக்_டொக் போட்ட கணக்கைப் பார்த்ததும் வயிறு கலங்கிடுச்சு, 20 பின்னாடின்னு நான் இதுவரைக்கும் கூட்டியே பார்த்ததில்ல, வேணும்னேதான் பார்க்கலைன்னு நினைக்கிறேன். அவர் இப்பவும் ஹாலுக்கு வர்றார். போன வாரம் எனக்கு அதே மாதிரி ஒரு ஷாட், பந்து மேல பிரிட்ஜ். குனிஞ்சுட்டேன். பின்னாடி பெஞ்சுலருந்து அவர் குரல்: "சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கோங்க தம்பி."

நிமிர்ந்து மடிச்சேன். அந்த ஷாட் மிஸ்.