முதலில் எழுந்து நின்றது யார்? கிளிப்பர் கார்ல்டனா, ராயல் ஷோபேண்டா?

ஸ்ட்ரபேன்காரன்:
நேற்று வேறொரு திரியில் ராயல் ரசிகன் போகிறபோக்கில் இப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "அயர்லாந்தில் ஷோபேண்ட் என்ற ஒன்றையே தொடங்கி வைத்தது வாட்டர்ஃபோர்டின் ராயல் ஷோபேண்ட்தான். அதற்கு முன் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து நோட்ஸைப் பார்த்து வாசித்தவர்கள்." அதற்கு லைக் வேறு குவிந்து கிடக்கிறது. (புதியவர்களுக்கு: ஷோபேண்ட் என்றால் ஐம்பது, அறுபதுகளில் அயர்லாந்து நடன மண்டபங்களை நிரப்பிய, மேடையில் வேடிக்கையும் காட்டிய இசைக்குழு.) படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

ராயல் தொடங்கியது 1957-இல். டைரோன் மாவட்டத்து ஸ்ட்ரபேனில் ஹியூ டூரிஷ் நடத்திய நடன இசைக்குழு, கிளிப்பர் கார்ல்டன் என்ற பெயரில் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. நோட்ஸ் ஸ்டாண்டுகளைத் தூக்கி ஓரம் வைத்தவர்கள் அவர்கள். எழுந்து நின்று வாசித்தவர்கள் அவர்கள். கறுப்பு கோட்டைக் கழற்றிவிட்டு வண்ண சூட் போட்டவர்கள் அவர்கள். நடனத்துக்கு நடுவில் 'ஜூக் பாக்ஸ் சாட்டர்டே நைட்' என்று ஒரு பகுதி வைத்து, பிரபலங்களைப் போல நடித்துக்காட்டி மண்டபத்தையே சிரிக்க வைத்தார்கள். இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு பிறந்த குழு எப்படி ஐயா "தொடங்கி வைத்தது" ஆகும்?

ராயல் ரசிகன்:
வந்துவிட்டார் ஸ்ட்ரபேன் அண்ணன்! உங்களைக் காணோமே என்று நினைத்தேன்.

நின்றார்கள், சரி. பஸ் ஸ்டாப்பிலும்தான் நிற்கிறார்கள், அது ஷோபேண்ட் ஆகிவிடுமா? 1961-இல் நடன இசைக்கான கார்ல் ஆலன் விருது வாங்கியது யார்? 1962-இல் 'கம் டவுன் த மவுன்டன் கேட்டி டேலி' இசைத்தட்டை வெளியிட்டது யார்? அதில் பாடியவர் எங்கள் டாம் டன்ஃபி. 1963-இல் 'கிஸ் மி குவிக்', 1965-இல் 'ஹக்கில்பக்', இரண்டுமே அயர்லாந்தில் முதலிடம். இன்றைக்கும் அங்கே கல்யாண வீட்டில் 'ஹக்கில்பக்' போட்டால் பாட்டிகள் எழுந்து வருகிறார்கள். கிளிப்பரின் ஒரு பாட்டுக்கு யாராவது எழுந்து வருவார்களா?

எல்லாவற்றுக்கும் மேலே, 1962 ஏப்ரல் 2, லிவர்பூல் பெவிலியன் தியேட்டர். விளம்பரத்தில் மேலே ராயல் பெயர், கீழே பீட்டில்ஸ். பீட்டில்ஸ்!

ஸ்ட்ரபேன்காரன்:
நான் கேட்டது யார் முதலில் நின்றார்கள் என்று. நீங்கள் கொடுத்தது பரிசுப் பட்டியல். கேள்வியை இன்னொரு முறை வைக்கிறேன்: எழுந்து நின்றது யார் முதலில்?

மழைக்கால டப்ளின்:
ஒரு சின்ன சந்தேகம். ஷோபேண்ட் என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லதல்லவா? நின்று வாசிப்பதா, நடித்துக்காட்டுவதா, பித்தளை வாத்தியங்களோடு ராக் பாடுவதா, பெயரிலேயே அந்தச் சொல் இருப்பதா?

ராயல் ரசிகன்:
டப்ளின், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அண்ணே, நீங்கள் சொல்லுங்கள், டிரம்மர் நின்றாரா? பியானோக்காரர் நின்றாரா? உட்கார்ந்துதானே இருந்திருப்பார்கள்? அப்படியானால் பாதிக் குழுதான் நின்றது. பாடகர் எந்தக் காலத்திலும் நின்றுதான் பாடினார். க்ளோன்மெல் மிக் டெலஹன்டி குழுவிலும் நின்றுதான் பாடியிருப்பார்.

ஸ்ட்ரபேன்காரன்:
டிரம்மரை நிற்கச் சொல்கிற முதல் ஆள் நீங்கள்தான். இந்த அறிவுக்குத்தான் லைக் போடுகிறார்களா?

டெலஹன்டி பெயரை எடுத்ததால் சொல்கிறேன். க்ளென் மில்லர் பாணியில் நன்றாக வாசித்தவர், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. மிட்செல்ஸ்டவுன் மோரிஸ் மல்காஹி மேலும் உண்டு. ஆனால் அந்தக் குழுக்கள் ஆடுகிறவர்களுக்காக வாசித்தன. ஆடுகிறவன் மேடைப் பக்கம் திரும்பவே தேவையில்லை. கிளிப்பர் வந்த பிறகுதான் பாதிப் பேர் ஆடுவதை விட்டுவிட்டு மேடைக்கு முன்னால் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஃபெர்கி ஓ'ஹேகன் பாட வந்தால் பின்வரிசை முன்னால் நெருக்கியடிக்கும். மண்டபத்தின் பழக்கமே மாறிப்போனது. உங்கள் ராயல், தயாராக இருந்த மேடையில் ஏறியது.

பழைய தட்டு:
இருவருக்கும் ஒன்று. 'ஹக்கில்பக்' ராயலின் சொந்தப் பாட்டு இல்லை. 1949-இல் வந்த அமெரிக்க மெட்டு, 1960-இல் சப்பி செக்கரும் பாடியிருக்கிறார். 'கிஸ் மி குவிக்' எல்விஸ் பாடியது. ரேடியோ லக்ஸம்பர்க்கில் கேட்டதை அடுத்த சனிக்கிழமைக்குள் மேடையில் வாசித்துக்காட்டுவதுதான் ஷோபேண்ட் தொழில். இதில் முதலில் நகலெடுத்தவர் யார் என்று சண்டை! போதாததற்கு, பெல்ஃபாஸ்ட் டேவ் க்ளோவர் குழுவுக்கும் அந்த முதல் பெருமையைத் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்ட்ரபேன்காரன்:
பழைய தட்டு, நீங்கள் பேசக் கூடாது. அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் 1963 அயர்லாந்துப் பயணம் பற்றிய திரியில், மண்டபங்களின் பியானோக்கள் மோசம் என்று அவர் கோபப்பட்டதே கட்டுக்கதை என்று மூன்று பக்கம் வாதாடியவர் நீங்கள். அதற்கே இன்னும் பதில் வரவில்லை. க்ளோவர் நல்ல குழு, ஆனால் கிளிப்பருக்குப் பிறகுதான்.

பழைய தட்டு:
கட்டுக்கதை என்று நான் சொல்லவே இல்லை. மிகைப்படுத்தப்பட்டது என்றேன். இரண்டும் ஒன்றா?

ராயல் ரசிகன்:
நகல் என்று சொல்கிறவர்களுக்கு: எங்கள் பிரெண்டன் போயர் மேடையில் அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு குதித்த குதிப்பை எந்தத் தட்டில் கேட்டு நகலெடுத்தார்? டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்த பையன் முன்னால் வந்து பாடினார், நாடே திரும்பிப் பார்த்தது. பீட்டர் காலின்சன் 1963-இல் 'த ஒன் நைட்டர்ஸ்' என்று ஆவணப்படம் எடுத்தது ராயலைப் பற்றித்தான், கிளிப்பரைப் பற்றி இல்லை. பின்னால் லாஸ் வேகஸ் வரைக்கும் போனார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன். ஸ்ட்ரபேன் இருப்பது வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டன் ஆட்சிக்குள். குடியரசின் முதல் ஷோபேண்ட் எது என்று பார்த்தாலும் ராயலுக்கே முதல் மரியாதை.

ஸ்ட்ரபேன்காரன்:
இதோ வந்துவிட்டது! வாதம் தீர்ந்ததும் எல்லைக்கோட்டைப் பிடித்துத் தொங்குகிறார். ஸ்ட்ரபேனில் பாலத்தைத் தாண்டினால் லிஃபர்ட், டோனகல் மாவட்டம். தெற்கே இருந்த மண்டபங்களிலெல்லாம் கிளிப்பர் வாசித்தது. அங்கே வரிசையில் நின்றவர்கள் பாஸ்போர்ட் கேட்டார்களா?

பீட்டில்ஸ் கதைக்கும் வருகிறேன். 1962-இல் ஈஸ்டர் ஏப்ரல் 22. ஏப்ரல் 2 என்றால் தவக்காலத்தின் நடுப்பகுதி. தெற்கே தவக்காலத்தில் நடன மண்டபங்கள் ஏறக்குறைய மூடிவிடும், பாதிரியார் விட மாட்டார். அதனால் குழுக்களெல்லாம் இங்கிலாந்தில் இருக்கும் ஐரிஷ்காரர்களுக்கு வாசிக்கக் கப்பலேறும். லண்டன் கிரிக்கில்வுட்டின் கால்டிமோர் மாதிரி இடங்கள் அவர்களை நம்பி இருந்தன, அவர்கள் அவற்றை நம்பி இருந்தார்கள். லிவர்பூலுக்கு ராயல் போனதும் அப்படித்தான். அன்றைக்கு பீட்டில்ஸ் யார்? 'லவ் மி டூ' வரவே இன்னும் ஆறு மாதம். டிரம்ஸில் ரிங்கோ கூட இல்லை, பீட் பெஸ்ட். உள்ளூர்ப் பையன்கள் முன்னால் வாசித்தார்கள். இதை ஊதி ஊதி அறுபது வருடமாகப் பிழைக்கிறார்கள்.

ராயல் ரசிகன்:
பெயர் மேலே இருந்ததா இல்லையா?

ஸ்ட்ரபேன்காரன்:
முதலில் நின்றார்களா இல்லையா?

கிளேர் கச்சேரி:
எட்டிப் பார்த்தேன், சிரிப்பு வந்தது. அந்தக் காலத்து ஐரிஷ் நடனக் குழு என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறீர்கள், ஒருவர் வாயிலும் கேலி பேண்ட் (நாட்டுப்புற நடனத்துக்கு ஐரிஷ் மரபிசை வாசிக்கும் குழு) என்ற வார்த்தை வரவில்லை. கிளேர் மாவட்டத்துக் கில்ஃபெனோரா குழு 1954, 1955, 1956 என்று வரிசையாக மூன்று முறை அகில அயர்லாந்துப் பட்டம் வாங்கியது. பியானோவில் கிட்டி லினேன், குழுவை நடத்தியதும் அவர்தான். எல்லாரும் உட்கார்ந்துதான் வாசித்தார்கள், ஐயா. ஆடுகிறவன் தன் காலைக் கவனிப்பானா, மேடையில் யார் நிற்கிறார் என்று பார்ப்பானா? 1935-இல் நடன மண்டபச் சட்டம் வந்து, வீடுகளில் ஆடுவதையே குற்றம்போல் ஆக்கியபோதும் அந்த இசையை விடாமல் காப்பாற்றிய ஊர்க்காரர்கள் அவர்கள்.

பழைய தட்டு:
1957-இல் அதே கிளேரின் டல்லா குழு ஜெயித்ததைச் சொல்ல மறந்துவிட்டீர்களா, மறைத்துவிட்டீர்களா? 1960-இலும் டல்லாதான். அப்புறம், கேலி பேண்டின் சத்தம் கவிழ்த்த ஜாம் பாட்டிலுக்குள் மாட்டிய ஈ ரீங்கரிப்பது போல என்று இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா 1962-இல் வானொலியிலேயே சொன்னாரே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளேர் கச்சேரி:
ஓ ரியாடா பெயரைச் சொல்லி என்னை மிரட்ட வேண்டாம். அவருக்கு அரங்கத்தில் அசையாமல் உட்கார்ந்து கேட்கிற கூட்டம் வேண்டும். கிளேரில் கூட்டம் ஆட வந்தது. டல்லாவைப் பற்றி நான் தனியாக எழுதுவேன், அதற்கு இந்தத் திரி லாயக்கில்லை.

மழைக்கால டப்ளின்:
மண்டபங்களில் மது உண்டா? என் ஐரிஷ் சகா டீயும் சான்ட்விச்சும்தான் என்கிறார்.

ராயல் ரசிகன்:
உங்கள் சகா சொன்னது சரி. டீ, எலுமிச்சை சோடா, அவ்வளவுதான். குடித்துவிட்டு வந்தவன் வெளியில் குடித்துவிட்டு வந்தவன். பின்னால் பிரதமரான ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் அண்ணனோடு சேர்ந்து மண்டபங்கள் கட்டித்தான் முதல் பணம் பார்த்தார், ரூஸ்கியில் க்ளவுட்லேண்ட், மோட்டில் ரோஸ்லேண்ட் என்று. அந்த மண்டபங்களை நிரப்பியது யார்? ராயல். எங்கள் மேனேஜர் டி.ஜே. பர்ன் வசூலில் பங்கு பேசித்தான் குழுவை அனுப்புவார்.

ஸ்ட்ரபேன்காரன்:
"எங்கள் மேனேஜர்"! நீங்கள் என்ன, டிராம்போனா வாசித்தீர்கள்? வசூலில் பங்கு கேட்கிற துணிச்சல் ஒரு குழுவுக்கு எங்கிருந்து வந்தது? கூட்டம் பார்க்க வந்தது, அதனால் வந்தது. பார்க்க ஏன் வந்தது? மேடையில் ஆட்கள் நின்றார்கள். நின்று காட்டியது யார்? சுற்றிச் சுற்றி எங்கே போனாலும் ஸ்ட்ரபேனுக்குத்தான் வந்து சேர வேண்டும்.

ராயல் ரசிகன்:
ஸ்ட்ரபேனுக்கு வந்து சேர்கிறேன் அண்ணே. டிரம்மர் நின்றாரா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஸ்ட்ரபேன்காரன்:
டிரம்மரைப் பற்றி 1971-இல் ராயலை அம்போவென்று விட்டுவிட்டு பிக் 8 என்ற குழுவைத் தொடங்கப் போன உங்கள் போயரையும் டன்ஃபியையும் கேளுங்கள்.

ராயல் ரசிகன்:
இறந்துபோனவர்களை இழுக்காதீர்கள். டன்ஃபி 1975-இல் சாலை விபத்தில் போனவர், போயர் 2020-இல் போனார். இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான் உங்களோடு யாரும் வாதாடுவதில்லை.

ஸ்ட்ரபேன்காரன்:
இவ்வளவு நேரம் என்னோடு நீங்கள் செய்துகொண்டிருந்தது என்னவாம்?

பழைய தட்டு:
ஜிம் ரீவ்ஸ் திரியில் "மிகைப்படுத்தப்பட்டது" என்று நான் எழுதிய வரியை இப்போது மேலே கொண்டுவந்திருக்கிறேன். ஸ்ட்ரபேன்காரர் அங்கே வந்து பதில் சொல்லட்டும்.

கிளேர் கச்சேரி:
ஒருவர்கூட கில்ஃபெனோராவைப் பற்றி ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. 1954, 1955, 1956. மூன்று முறை!