ஃபேட் பாயை டிரெய்லரில் சென்னையிலிருந்து கோவைக்கு: எப்படி ஏற்றுவது, எங்கே கட்டுவது?

தாம்பரம்_ட்வின் கேட்கிறார்:

வணக்கம் நண்பர்களே. வீடு மாற்றிக் கோவைக்குப் போகிறோம். ஹார்லி ஃபேட் பாய் 114-ஐயும் கொண்டுபோக வேண்டும். குடும்பத்தோடு காரில் போவதால் பைக்கை ஓட்டிவர ஆள் இல்லை. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வாடகைக்கு டாடா ஏஸ். டிரைவர், "சைடு ஸ்டாண்டு போட்டுக் கயித்துல இறுக்கிடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார். இன்னொன்று, தெரிந்தவரிடம் ஒற்றை அச்சு டிரெய்லர் இருக்கிறது. எட்டடிக்கு ஐந்தடி, தளம் தரையிலிருந்து 45 செ.மீ., வெறும் எடை 260 கிலோ, பிரேக் கிடையாது. என் இன்னோவாவில் 50 மி.மீ. பந்து வைத்த கொக்கி மாட்டியிருக்கிறேன். எதில் போவது? சாய்வுப் பலகை எவ்வளவு நீளம் வேண்டும்? பெல்ட்டை எங்கே போடுவது? கியரில் விடலாமா?

கொங்கு_லோடர்:

ஏஸை முதலில் கழித்துவிடுங்கள். அதன் தொட்டி நீளம் சுமார் 2,200 மி.மீ. ஃபேட் பாயின் நீளம் 2,370 மி.மீ. கதவைத் திறந்து வைத்துத்தான் ஏற்ற முடியும், அல்லது மூலைவாட்டில் நிறுத்த வேண்டும். மூலைவாட்டில் நின்றால் ஒரு பக்கத்து பெல்ட் குட்டையாகவும் செங்குத்தாகவும், மறுபக்கம் நீளமாகவும் படுத்தபடியும் அமையும். இரண்டும் ஒரே அளவு இழுக்காது, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வரும். பிக்கப்தான் வேண்டுமென்றால் எட்டடிக்கு மேல் தொட்டி உள்ள தோஸ்த், பொலிரோ மாதிரி எடுங்கள்.

ஆனால் பிக்கப்பில் வேறொரு சிக்கல் உண்டு. ஃபேட் பாய்க்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 115 மி.மீ. மட்டும். சக்கர இடைவெளி 1,665 மி.மீ. முன்சக்கரம் தளத்தில் ஏறி, பின்சக்கரம் இன்னும் பலகையில் இருக்கும்போது, தளத்தின் விளிம்பு வண்டியின் வயிற்றுக்கு நேர் கீழே வரும். தளம் 85 செ.மீ. உயரம், பலகை எட்டடி என்றால் சாய்வு ஏறக்குறைய 20 டிகிரி. அந்தச் சாய்வில் விளிம்பு சக்கரங்களின் கோட்டுக்கு மேலே 150 மி.மீ. வரை வந்துவிடும். அதாவது அடிச்சட்டம் உட்கார்ந்து, பின்சக்கரம் பிடிப்பிழந்து, 317 கிலோ வண்டி அந்தரத்தில் நிற்கும். பத்தடிப் பலகை போட்டாலும் 120 மி.மீ. பக்கம்தான், அப்போதும் இடிக்கும். பிக்கப்பில் ஏற்றுபவர்கள் மண்மேட்டை ஒட்டிப் பின்னால் எடுத்து நிறுத்தி உயரத்தைக் குறைப்பது இதற்காகத்தான்.

உங்கள் டிரெய்லரில் உயரம் 45 செ.மீ.தான். எட்டடிப் பலகை வைத்தால் சாய்வு 11 டிகிரிக்குள், விளிம்பு 80 மி.மீ. அளவில் கடந்துவிடும். ஏற்றும் வேலைக்கு டிரெய்லர்தான் சரி.

பலகை அகலத்தையும் பாருங்கள். உங்கள் பின்டயர் 240 மி.மீ. புல்லட்டுக்கு வைத்திருக்கும் ஒன்பது அங்குலப் பலகையில் டயர் விளிம்பைத் தாண்டி நிற்கும். பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாமல், இரண்டு அங்குலக் கனத்தில் முடிச்சில்லாத மரம், அல்லது இரும்புச் சட்டமிட்ட சாய்வு எடுங்கள். பக்கத்தில் நீங்கள் நடந்து ஏற அதே நீளத்தில் இன்னொரு பலகை கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால், வண்டி ஏற ஏற நீங்கள் தரையிலேயே நிற்பீர்கள். ஹேண்டில் தோளுக்கு மேலே போன பிறகு வண்டி சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க வழியே இல்லை.

ராட்செட்_ராஜா:

மேலே சொன்னவற்றோடு, ஏற்றும் முறையையும் கட்டும் முறையையும் சேர்க்கிறேன்.

டிரெய்லரைக் காரில் மாட்டிய பிறகே ஏற்ற வேண்டும். கழற்றி நிறுத்திய டிரெய்லரில் வண்டியின் எடை அச்சுக்குப் பின்னால் விழும்போது, முன்பக்கம் துள்ளி மேலே எழும்பி வால் தரையில் இடிக்கும். மாட்டியிருந்தாலும் அந்த இழுப்பு காரின் பின்பக்கத்தைத் தூக்கும். ஆகவே வால்பக்கம் இரண்டு மூலையிலும் மரக்கட்டை அண்டக்கொடுங்கள். ஹேண்ட்பிரேக், கியர், சக்கரத்துக்குக் கட்டை, எல்லாம் போட்ட பிறகு ஆரம்பியுங்கள்.

பலகையின் மேல்முனையை டிரெய்லரோடு பெல்ட்டால் கட்டுங்கள். இதைத்தான் பலரும் விடுகிறார்கள். என்ஜின் ஓட்டத்தில் ஏற்றும்போது பின்சக்கரம் வண்டியை முன்னே தள்ளும் அதே விசையில் பலகையைப் பின்னால் உதைக்கும். கட்டாத பலகை நழுவி விழுவது வண்டி பாதி ஏறிய நிலையில்தான் நடக்கும்.

ஏற்றும்போது உட்கார்ந்து ஓட்டாதீர்கள். இடப்பக்கம் நடந்து, முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டு, நடை வேகத்தில் ஏற்றுங்கள். பின்னால் வலப்பக்கம் ஒருவர் சாயாமல் பிடித்தால் போதும், தள்ள வேண்டாம். நடுவில் நிற்க நேர்ந்தால் முன்பிரேக்கை நம்பக் கூடாது. மேட்டில் எடை பின்னால் போய்விடுவதால் முன்டயர் பூட்டிக்கொண்டு அப்படியே வழுக்கும். என்ஜினை அணைத்து, முதல் கியரில் கிளட்சை விட்டுவிட்டால் பின்சக்கரம் பிடித்துக்கொள்ளும்.

சைடு ஸ்டாண்டு பேச்சே வேண்டாம். ஸ்டாண்டில் சாய்ந்த வண்டியைக் கீழே இழுத்துக் கட்டினால், அந்த இழுவை எல்லாம் ஸ்டாண்டு பொருத்திய ஒரே இடத்தில் ஏறும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அங்கே அடி விழும். ஒன்று பொருத்திய இடம் விரியும், அல்லது வண்டி அமுங்கி மீளும்போது கட்டு தளர்ந்து வண்டி எதிர்ப்பக்கம் சாயும். வண்டி நேராக, இரண்டு சக்கரத்தில் நிற்க வேண்டும். கடைசிக் கட்டும் போட்ட பிறகு ஸ்டாண்டை மடித்துவிடுங்கள்.

முன்சக்கரத்துக்கு இரும்புச் சக்கரப்பிடி தேவை. 100, 110 மி.மீ. டயருக்குச் செய்தவை உங்களுக்குப் பொருந்தாது; ஃபேட் பாயின் முன்டயர் 160 மி.மீ. பட்டறையில் சொல்லி 165 மி.மீ. உள்ளகலத்தில் செய்து, தளத்தின் குறுக்குச் சட்டத்தோடு போல்ட் போடுங்கள். தகட்டில் மட்டும் போட்டால் தகடு கிழியும்.

பெல்ட்: 35 மி.மீ. அகல ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்ட ஆட்ட இறுகுவது) நான்கு, உபரியாக ஒன்று. லேபிளில் அறுபடும் எடையும் பாதுகாப்பாகத் தாங்கும் எடையும் தனித்தனியாக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது, ஒவ்வொன்றும் 500 கிலோவுக்குக் குறையக் கூடாது. கடும் பிரேக்கில் சுமை தன் எடையின் 0.8 மடங்கு முன்னால் தள்ளும், பக்கவாட்டில் 0.5 மடங்கு என்று கணக்கிடுவது வழக்கம். 317 கிலோவுக்கு அது முன்னால் ஏறக்குறைய 250, பக்கத்தில் 160 கிலோ. பெல்ட் சாய்வாகப் போவதால் இதில் ஒரு பங்கைத் தாங்க அதைவிடக் கூடுதலான இழுவை வேண்டும். நைலான் கயிறு நீளும், நனைந்தால் இன்னும் நீளும், முடிச்சு தளரும். பாலியெஸ்டர் பெல்ட்தான் வேண்டும்.

முன்னால் இரண்டு பெல்ட்டும் லோயர் டி-ஸ்டெம்மில் (இரண்டு ஃபோர்க் குழாயையும் கீழ்ப்பக்கம் இணைக்கும் சட்டம்), ஃபோர்க்குக்கு உட்புறமாகத் துணி வளையம் கோத்து மாட்டுங்கள். அங்கிருந்து முன்னாலும் வெளியிலுமாக 45 டிகிரி சாய்வில் தளத்தின் கொக்கிக்கு. ஹேண்டிலில் கட்டாதீர்கள், ரப்பர் புஷ் அமுங்கி ஹேண்டில் திரும்பிக்கொள்ளும். பிரேக் ஹோஸ், துணி வளையத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே நசுங்குகிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். பின்னால் ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), பின்னும் வெளியுமாக. சைலன்சர், இண்டிகேட்டர், பின்சீட் கைப்பிடி எதையும் தொடக் கூடாது. சூடான சைலன்சரில் பெல்ட் பட்டால் உருகும், ஆகவே ஏற்றியதும் கொஞ்சம் ஆறவிடுங்கள். ஃபேட் பாயின் சக்கரம் மூடிய தட்டு என்பதால் ஆரங்களுக்கு நடுவே பெல்ட் விடும் வழக்கம் இங்கே நடக்காது.

இறுக்கும்போது இடம் ஒரு கிளிக், வலம் ஒரு கிளிக் என்று மாறி மாறிப் போங்கள். ராட்செட்டின் தண்டில் குறைந்தது ஒன்றரைச் சுற்றாவது பெல்ட் ஏற வேண்டும். மீதி வாலைச் சுருட்டிக் கட்டுங்கள். பெல்ட்டின் நீளமான பகுதியில் ஒரே ஒரு முறுக்கு கொடுத்தால் காற்றில் படபடக்காது.

பழைய_பட்டறை:

ராஜா சார் சொன்னதில் ஒன்று விட்டுப்போனது: எவ்வளவு அமுக்குவது என்பது. நம் ஊர் லோடு ஆட்கள் ஃபோர்க் அடியைத் தொடும்வரை இறுக்குவார்கள். அது பலமல்ல, பலவீனம். ஃபோர்க் முழுக்க அமுங்கினால் ஸ்பிரிங்குக்கு விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பள்ளத்தில் விழும் அடி நேராக டி-ஸ்டெம்முக்கும் கோன் செட்டுக்கும் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) கொக்கிக்கும் போகும். பாதி ஓட்டத்துக்கும் குறைவாக அமுக்கினால் ஸ்பிரிங் எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், பெல்ட் தளராது. உங்கள் ஃபோர்க்கின் முழு ஓட்டம் 130 மி.மீ. கட்டும் முன் அச்சிலிருந்து லோயர் டி-ஸ்டெம் வரை டேப்பால் அளந்து வைத்துக்கொண்டு, கட்டிய பின் 45 முதல் 50 மி.மீ. குறைந்தால் நிறுத்திவிடுங்கள். பின்பெல்ட் அமுக்குவதற்கல்ல, பின்பக்கம் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்க மட்டும். கியரைப் பொறுத்தவரை, எல்லாம் கட்டிய பிறகு முதல் கியரில் விடலாம். ஆனால் வண்டியைப் பிடிப்பது கியர் அல்ல, பெல்ட்.

இன்னொன்று, எடை நிற்கும் இடம். பைக்கும் டிரெய்லரும் சேர்த்து 577 கிலோ. இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 முதல் 60 கிலோ, காரின் பந்தில் உட்கார வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், ரொம்பக் கூடினால் காரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும். அளப்பது எளிது: வண்டியைக் கட்டிய பின், சமதரையில், டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, காரிலிருந்து கழற்றிய கொக்கிக் கையை (டிரெய்லரின் முன்னால் நீட்டியிருப்பது) அதன் வழக்கமான உயரத்தில் மரக்கட்டை வைத்து வீட்டு எடை மெஷின் மேல் நிறுத்துங்கள். மெஷின் காட்டும் எண்ணில் கட்டையின் எடையைக் கழியுங்கள். குறைவாக இருந்தால் பைக்கை முன்னே நகர்த்த வேண்டும். சக்கரப்பிடிக்கு போல்ட் போட்டு முடிக்கும் முன்பே இதைப் பார்த்து இடத்தைக் குறித்துவிடுங்கள், பிறகு மாற்றுவது பெரிய வேலை.

டிரெய்லரைக் காரில் மாட்டியதும் பந்தில் பூட்டு விழுந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். ஜாக்கியை டிரெய்லர் கைக்குக் கீழே வைத்து ஏற்றுங்கள். காரின் பின்பக்கமும் கூடவே எழும்பினால்தான் பந்தைப் பிடித்திருக்கிறது. பூட்டுக்கு ஊசி (பின்) போட்டு, இரண்டு சங்கிலியையும் கைக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். பந்து கழன்றால் குறுக்குச் சங்கிலி கையைத் தொட்டில் போலத் தாங்கும், முனை சாலையில் குத்தாது.

இரவல் டிரெய்லர் என்பதால் டயரைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். ட்ரெட் புதுசாக இருந்தாலும் வெயிலில் பல வருடம் நின்ற டயர் நெடுஞ்சாலையில் வெடிக்கும். ஹப் பேரிங்கில் கிரீஸ் மாற்றுங்கள், ஒரு ஸ்டெப்னியும் கூடவே போகட்டும்.

தாம்பரம்_ட்வின்:

மிக்க நன்றி. டிரெய்லரே என்று முடிவு. உளுந்தூர்பேட்டை, சேலம் வழியாகப் போவதாக எண்ணம். எவ்வளவு வேகம், எங்கே நிறுத்திப் பார்ப்பது? தார்ப்பாய் போட்டு மூடலாமா? இன்சூரன்ஸ்?

கொங்கு_லோடர்:

தார்ப்பாய் வேண்டாம். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் காற்றில் அடித்துக்கொண்டே வரும், இடையில் புழுதி புகுந்தால் டேங்க் பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். மழை பட்டால் துடைத்துக்கொள்ளலாம். பெல்ட் பெயிண்டைத் தொடும் இடத்தில் மட்டும் சுத்தமான துணி வையுங்கள்.

முதல் பத்து, பதினைந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்துங்கள். பெல்ட் தன் நீட்சியைக் காட்டுவதும், டயரும் ஃபோர்க்கும் படிந்து உட்காருவதும் அப்போதுதான். அதன் பிறகு விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை, சேலம் என்று ஒவ்வொரு இடத்திலும் கையால் நான்கு பெல்ட்டையும் அழுத்திப் பாருங்கள். டோல் கேட்டுக்கு முன்னால் போட்டிருக்கும் அதிர்வுக் கோடுகள்தான் பெல்ட்டை அதிகம் தளர்த்துபவை, ஆகவே தாண்டிய பிறகு பாருங்கள். அப்படியே டிரெய்லர் ஹப்பைப் புறங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகிறது.

வேகம் 60, 70-க்குள். டிரெய்லரில் பிரேக் இல்லாததால் முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி வழக்கத்தைவிட இரட்டிப்பாக வேண்டும். வாலாட்டம் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்த்து வெட்டாதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் தானே அடங்கும். அவிநாசிப் பக்கம் வரும்போது கவனம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும், உங்கள் தட்டுச் சக்கரங்கள் அதை நன்றாக வாங்கும். பெரிய லாரியைக் கடக்கும் நொடியில் காற்று நின்று மறுபடி அறையும். அங்கே 50-க்கு இறங்குங்கள்.

பைக்குக்கு முழு பாலிசி இருந்தால், அதன் நிபந்தனைகளிலேயே சாலை, ரயில் வழியாகக் கொண்டுபோகும்போது நேரும் சேதமும் அடங்கும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் கிடைக்காது. டிரெய்லருக்கும் சட்டப்படி பதிவு தேவை, அதன் ஆர்சியைக் கேட்டு வாங்கி வையுங்கள். பெட்ரோல் கால் டேங்குக்கு மேல் வேண்டாம்.

ராட்செட்_ராஜா:

ஃபாப் சாவியை எடுத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தால், டிரெய்லர் ஆட்டத்தில் பைக்கின் அலாரம் அலறும். ஹார்லியில் இதற்கென்றே டிரான்ஸ்போர்ட் மோடு இருக்கிறது, மேனுவலில் உங்கள் வருட மாடலுக்கான முறையைப் பார்த்துப் போடுங்கள். ஹேண்டில் லாக் மட்டும் போடக் கூடாது, சக்கரம் நேராக இருக்க வேண்டும்.

இறக்கும்போதும் டிரெய்லர் காரிலேயே மாட்டியிருக்கட்டும், வாலுக்கு மீண்டும் கட்டை கொடுங்கள். பெல்ட்டை அவிழ்க்கும் முன் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் பின் இரண்டு, பிறகு முன்னால் வலப்பக்கம், கடைசியாக இடப்பக்கம். அமுங்கிய ஃபோர்க் துள்ளி எழும், ஆகவே ராட்செட்டை ஒரேயடியாக விடாமல் மெல்ல விடுங்கள். என்ஜின் அணைந்தே இருக்க, முதல் கியரில், கிளட்சைப் பின்பிரேக் போல விட்டு விட்டுப் பிடித்துப் பின்னோக்கி இறக்குங்கள். பலகையின் மேல்முனையைக் கட்டிய பெல்ட் அதுவரை அவிழ்க்கப்படாமல் இருக்க வேண்டும்.