தபாலில் சலுகைக் கார்டு அனுப்ப முகவரிப் பட்டியல்: எக்செல்லில் எப்படித் தொடங்குவது?

கேள்வி:
பில் புத்தகம், வாரன்டி கார்டு, விசாரிக்க வந்தவர்கள் எழுதிய நோட்டு என்று மூன்று இடத்தில் சுமார் 600 முகவரிகள் கிடக்கின்றன. அப்படியே ஒரே எக்செல்லில் ஏற்றிவிடலாமா? வெளியில் கிடைக்கும் லிஸ்ட்டையும் சேர்க்கலாமா?

பதில் 1:
முதலில் காலம்களை (column, மேலிருந்து கீழாக வரும் கட்ட வரிசைகளை) முடிவு பண்ணுங்க. முழு முகவரியையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் பிறகு ஊர்வாரியாகப் பிரிப்பது பெரும்பாடு. பெயர், கதவு எண்ணும் தெருவும், பகுதி, ஊர், அஞ்சல் குறியீடு, போன் எல்லாம் தனித்தனி. கூடவே வரிசை எண், எந்த நோட்டிலிருந்து வந்தது, கடைசியாக வாங்கிய தேதி, ‘அனுப்பலாம் / வேண்டாம்’. அஞ்சல் குறியீட்டுக் காலத்தை டைப் அடிக்கும் முன்பே ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்க. இல்லையென்றால் 04512 என்பது 4512 ஆகிவிடும். பிறகு மாற்றினாலும் போன பூஜ்யம் திரும்பாது.

பதில் 2:
ஒரே ஆள் இரண்டு தடவை ஏறியிருப்பதைப் பெயரை வைத்துத் தேடாதீங்க. ‘எஸ். குமார்’, ‘குமார் எஸ்’ இரண்டும் எக்செல்லுக்கு வேறு வேறு ஆள். போன் எண்ணில் இடைவெளி, கோடுகளை நீக்கிவிட்டு அதை வைத்துத் தேடுங்க. அடுத்து அஞ்சல் குறியீடு, தெரு, கதவு எண் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே வீட்டுக்காரர்கள் சிக்குவார்கள். வீட்டுக்கு ஒரு கார்டு போதும்.

இன்னொன்று: ஒரு காலத்தை மட்டும் செலக்ட் செய்து ‘சார்ட்’ (sort, வரிசைப்படுத்துதல்) போட்டு, எக்செல் எச்சரிக்கும்போது அந்தக் காலத்தை மட்டும் வரிசைப்படுத்தச் சொல்லிவிட்டால் ஒருவர் பெயருக்கு எதிரே இன்னொருவர் தெரு வந்து உட்காரும். பார்வைக்குச் சுத்தமாக இருப்பதால் லேபிள் அடிக்கும்வரை தெரியாது. ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துவிட்டுக் கை வையுங்க.

பதில் 3:
வெளி லிஸ்ட்டைக் கலக்காதீங்க. பெரும்பாலும் அது ஒரு தடவை அனுப்ப வாடகைக்குத் தருவது. மீறுகிறார்களா என்று பார்க்க உரிமையாளர் தன் ஆட்களின் முகவரிகளையும் உள்ளே வைத்திருப்பார். அதிலிருந்து பதில் தந்தவர்களை மட்டும் உங்கள் பட்டியலில் ஏற்றலாம். உங்கள் முகவரியையும் ஒரு வரியாகச் சேருங்க. கார்டு எப்போது, எந்த நிலையில் போய்ச் சேருகிறது என்று தெரியும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. திரும்பி வரும் கார்டுகளின் வரிகளை அழித்துவிடவா?

பதில் 3:
வேண்டாம். அழித்தால் அடுத்த முறை பழைய நோட்டிலிருந்து அதே முகவரி மறுபடி நுழைந்துவிடும். ‘திரும்பியது’ என்று தேதியோடு குறித்து, லேபிள் அடிக்கும்போது வடிகட்டுங்க. ‘இனி அனுப்பாதீங்க’ என்றவர்களுக்கும் இதே வழிதான். லேபிள் மூலையில் வரிசை எண்ணை அச்சடித்தால், திரும்பி வந்ததைப் பெயர் தேடாமல் குறித்துவிடலாம்.