கடைமடை வயலில் லோரா கருவி சில நாட்களில் ஊமையாகிவிடுகிறது: உதவி தேவை

கடைமடைக்காரன்:
வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் எங்கள் வயலில் நீர்மட்டம் பார்ப்பதற்காக ஒரு சிறிய வயர்லெஸ் கருவியை வைத்திருக்கிறேன். வீட்டில் சோதித்தபோது எந்தக் குறையும் இல்லை. வயலில் வைத்தால் சில நாட்கள் தகவல் அனுப்பிவிட்டு நின்றுவிடுகிறது. பேட்டரியைக் கழற்றி அளந்தால் 3.7 வோல்ட் காட்டுகிறது, ஆகவே பேட்டரி காரணம் அன்று. முறைத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு இரவில்தான் வந்து சேர்கிறது என்பதால் அவசரமாகத் தேவைப்படுகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
எந்த ரேடியோ மாட்யூல், எந்த அலைவரிசை, தகவலைப் பெறும் கருவி எவ்வளவு தொலைவில் இருக்கிறது, ஆன்டெனா பெட்டிக்கு உள்ளேயா வெளியேயா? இவற்றைச் சொல்லாமல் எதுவும் சொல்ல இயலாது.

பட்டறை மூத்தவர்:
'சிறிய வயர்லெஸ் கருவி' என்று ஒரு மாட்யூல் எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை. உதவி கேட்பவர்கள் தரவுத்தாளின் (தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பின்) முதல் பக்கத்தையாவது புரட்டிவிட்டு வந்தால், இங்கே பதில் எழுதுகிறவர்களின் நேரம் மிச்சமாகும்.

கடைமடைக்காரன்:
மன்னிக்கவும் ஐயா. இஎஸ்பி32 என்னும் கட்டுப்பாட்டுச் சில்லு உள்ள போர்டு, அதனுடன் ரா-02 என்று அச்சிட்ட லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவுக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ) மாட்யூல். வீடு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு. ஒரே ஒரு 18650 வகை லித்தியம் பேட்டரி. பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்பிவிட்டு டீப் ஸ்லீப்புக்கு (மிகக் குறைந்த மின்சாரம் எடுக்கும் தூக்க நிலைக்கு) போகும்படி நிரல் எழுதியிருக்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
ஆன்டெனாதான் காரணம் என்பது என் கணிப்பு. நடவின்போது வயல் திறந்த வெளி; சம்பாப் பயிர் இடுப்பளவு உயர்ந்து மழையில் நனைந்து நிற்கும்போது, வரப்பு மட்டத்தில் உள்ள ஆன்டெனாவின் அலையைப் பயிரே விழுங்கிவிடும். நம் பகுதி சமதரையாக இருப்பது நல்வாய்ப்புதான், ஆனாலும் இரு முனைகளும் தாழ்வாக இருந்தால் அலையின் பெரும்பகுதி தரையில் மோதி வீணாகிறது. ஒரு மூங்கிலை நட்டு ஆன்டெனாவை உயர்த்திப் பாருங்கள். ரா-02 வேலை செய்யும் 433 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனாக் கம்பி கால் அலை நீளம், அதாவது 17.3 செ.மீ. இருக்க வேண்டும்; 865 மெகாஹெர்ட்ஸுக்கு உரிய 8.7 செ.மீ. கம்பியைக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருக்கவும் கூடும்.

பட்டறை மூத்தவர்:
கம்பி இருக்கட்டும். ரா-02இல் உள்ள எஸ்எக்ஸ்1278 சில்லு 525 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்யாது. இந்தியாவில் இத்தகைய வெளிப்புறப் பயன்பாட்டுக்கு உரிமம் இல்லாமல் திறந்துவிடப்பட்டது 865–867 மெகாஹெர்ட்ஸ். 2005 முதல் அதுதான் நிலை, 2021இல் அது 868 வரை விரிவாக்கப்பட்டது. அந்த அலைவரிசையில் இயங்கும் எஸ்எக்ஸ்1276 உள்ள மாட்யூலை வாங்கியிருக்க வேண்டும் என்பது தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கும் தெரிந்த செய்தி.

நீடாமங்கலம் சந்திப்பு:
433 முற்றிலும் தடை செய்யப்பட்டதைப் போல எழுதுவது சரியன்று. குறைந்த திறனில் அதற்கும் உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. குறைந்த அலைவரிசை இலை தழைகளை எளிதாகக் கடக்கும் என்பதால்தான் இங்கே பலரும் அதை விரும்புகிறார்கள்.

பட்டறை மூத்தவர்:
அந்த விலக்கு 10 மில்லிவாட் அளவுக்கு, அதுவும் கட்டடத்துக்குள் பயன்படுத்துவதற்கு. வயல் எப்போது கட்டடமானது? 865இல் 1 வாட் வரை அனுப்பலாம் என்றிருக்கும்போது இந்தப் பிடிவாதம் எதற்கு?

நீடாமங்கலம் சந்திப்பு:
கடைகளில் கிடைப்பதெல்லாம் 433தான் என்றால் விவசாயி என்ன செய்வார்?

சாலிடர் மேசை:
இருவருக்கும் வணக்கம். அலைவரிசை வாதத்துக்குத் தனி இழை தொடங்கலாம். கேட்டவருடைய கருவி முதல் சில நாட்கள் அதே 433இல், அதே தொலைவிலிருந்து, அதே பயிருக்கு நடுவிலிருந்து தகவல் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தம்பி, இரண்டு கேள்விகள். பேட்டரியைப் போர்டின் எந்தக் காலில் (இணைப்பு முனையில்) இணைத்திருக்கிறீர்கள்? கருவி தூங்கும் நேரத்திலும் போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறதா?

கடைமடைக்காரன்:
5 வோல்ட் என்று எழுதிய காலில். விளக்கு எப்போதும் எரியும். இரவில் வரப்பிலிருந்து பார்த்தாலே பெட்டிக்குள் சிவப்பாகத் தெரிகிறது.

சாலிடர் மேசை:
அப்படியானால் இரண்டு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இஎஸ்பி32 சில்லு டீப் ஸ்லீப்பில் 10 மைக்ரோஆம்பியர் அளவே எடுக்கும் என்பது உண்மை, ஆனால் அந்தக் கணக்கு சில்லுக்கு மட்டும் உரியது. போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கும், யுஎஸ்பி சில்லும், மின்னழுத்தத்தைக் குறைத்துச் சீராகத் தரும் ரெகுலேட்டரும் தூங்குவதே இல்லை, அவை சேர்ந்து சில மில்லிஆம்பியர்களை இரவும் பகலும் குடிக்கின்றன. இரண்டாவதுதான் முக்கியம். யுஎஸ்பி முனைக்கு அருகில் 1117 என்று அச்சிட்ட மூன்று கால் சில்லு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ரெகுலேட்டருக்கு உள்ளே வருவது, வெளியே போவதைவிட ஏறத்தாழ 1 வோல்ட் கூடுதலாக இருந்தாக வேண்டும். 4.2 வோல்ட் நிறைந்த பேட்டரியில் தொடக்கத்தில் சமாளிக்கும், 3.7க்கு இறங்கியதும் மறுபக்கம் 2.7 வோல்ட்தான் கிடைக்கும், இஎஸ்பி32க்கோ குறைந்தது 3 வோல்ட் தேவை. லோரா அனுப்பும் நொடியில் அது இன்னும் சரிய, போர்டு தன்னைத்தானே அணைத்துத் தொடங்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் அளந்த 3.7 வோல்ட், பேட்டரியில் இன்னும் மின்சாரம் மீதமிருக்கும்போதே கருவி நின்றுவிட்டதைத்தான் காட்டுகிறது. வீட்டில் யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் கொடுத்துச் சோதித்திருப்பீர்கள், அதனால் அங்கே வெளிப்படவில்லை.

எம்சிபி1700 வகை 3.3 வோல்ட் ரெகுலேட்டரைப் பேட்டரிக்கும் போர்டின் 3.3 காலுக்கும் இடையில் இணையுங்கள். அது தனக்கென எடுப்பது 2 மைக்ரோஆம்பியருக்கும் குறைவு. 250 மில்லிஆம்பியர்தான் அதன் எல்லை என்பதால் வைஃபையை நிரலிலேயே அணைத்துவிடுங்கள். மாட்யூலின் அருகே ஒரு பெரிய கெப்பாசிட்டரும் (மின்தேக்கியும்) வேண்டும். சிவப்பு விளக்கின் மின்தடையைச் சாலிடர் அயர்னால் எடுத்துவிடலாம். இந்த இணைப்பு இருக்கும்போது யுஎஸ்பியைச் செருக வேண்டாம். லோரா மாட்யூலுக்கும் நிரலில் தனியாகத் தூக்க ஆணை கொடுக்க வேண்டும், இஎஸ்பி32 தூங்கினால் அதுவும் தானாகத் தூங்கிவிடாது.

வெண்ணாற்றங்கரை:
விளக்கம் பொருந்துகிறது. இருந்தாலும் மூங்கில் நடுவதால் கேடு எதுவும் இல்லை.

பட்டறை மூத்தவர்:
இதையெல்லாம் தரவுத்தாளே சொல்கிறது.

கடைமடைக்காரன்:
1117தான் இருந்தது. மாற்றிவிட்டேன், இப்போது பேட்டரி 3.6க்கு இறங்கிய பிறகும் தகவல் வருகிறது. நன்றி அண்ணா.

நீடாமங்கலம் சந்திப்பு:
அந்த ரெகுலேட்டரை எங்கே வாங்கினீர்கள்? தஞ்சாவூரில் கிடைக்கிறதா?