சார்லி ஹேடன்: கன்ட்ரி பாட்டுப் பையன் ஜாஸுக்கு எப்படி வந்தார்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

நடுராத்திரி ரேடியோ:

ரெண்டு வாரமா "பியாண்ட் த மிசௌரி ஸ்கை" ஆல்பத்த தினமும் ராத்திரி போட்டுக் கேட்டுட்டு இருக்கேன், 1997ல வந்தது. பாட் மெத்தீனி கிட்டாருக்காகத்தான் ஆரம்பிச்சேன், ஆனா மூணு நாலு நாள்லயே காது தானா பேஸ் (கீழ் ஸ்வரம் வாசிக்கிற பெரிய கம்பிக் கருவி) பக்கம் போயிடுச்சு. அவசரமே இல்லாம ஒரு நோட்டு, அது அடங்குற வரைக்கும் காத்திருந்து அடுத்தது. யாருடா இவர்னு தேடினா பேரு சார்லி ஹேடன், அயோவால ஷெனண்டோவானு ஒரு சின்ன ஊர்ல 1937ல பிறந்தவர், குடும்பமே ரேடியோல கன்ட்ரி பாட்டு பாடினவங்கன்னு போட்டிருக்கு. அடுத்த வரியிலேயே 1959ல ஆர்னெட் கோல்மன்ங்கிற சாக்ஸஃபோன்காரர் கூட ஃப்ரீ ஜாஸ் (வழக்கமான கட்டுப்பாடு இல்லாத ஜாஸ்) வாசிச்சார்னு வருது. நடுவுல என்ன ஆச்சு, பாட்டுக்காரப் பையன் கையில பேஸ் எப்படி வந்துச்சு? எனக்கு ஜாஸ் பெருசா தெரியாது, கொஞ்சம் விளக்கமாவே சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய ரெக்கார்டு:

நல்ல ஆளப் பிடிச்சிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

அவங்க அப்பா அம்மா ஊர் ஊரா ரேடியோ ஸ்டேஷன்ல பாடிப் பொழச்சவங்க, கார்ட்டர் ஃபேமிலிங்கிற பெரிய கன்ட்ரி குழுவோட எல்லாம் பழக்கம் உள்ள குடும்பம். குழந்தைய மடில போட்டு ஆட்டிக்கிட்டே அம்மா ராகம் இழுத்துட்டு இருந்தாங்களாம், ரெண்டு வயசு கூட முழுசா ஆகல, குழந்தை கூடவே சேர்ந்து வேற ஸ்வரத்துல ஹார்மனி பிடிச்சிருக்கு. அவ்ளோதான், ரெண்டு வயசுல மைக் முன்னாடி நிறுத்திட்டாங்க. "கௌபாய் சார்லி"னு பட்டப்பேரு, தொண்டைய உடைச்சு உடைச்சு பாடுவாங்களே யோடலிங், அதான் அவரோட ஸ்பெஷல். அப்புறம் குடும்பம் மிசௌரில ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம் போயிடுச்சு, பள்ளிக்கூடம் போற வயசு பூரா தினமும் ரேடியோல பாட்டுதான்.

15 வயசுல போலியோ வந்துச்சு. கால்ல இல்ல, முகத்துலயும் தொண்டைலயும். உயிருக்கு ஒண்ணும் ஆகல, ஆனா குரல் நரம்பு அடிவாங்கி, ஸ்வரத்துல நிக்கிற கட்டுப்பாடு போயிடுச்சு. ரெண்டு வயசுல இருந்து பாடின பையனுக்கு 15ல பாட்டு நின்னுபோச்சு, இத எழுதும்போதே எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. வீட்ல அண்ணனோட டபுள் பேஸ் இருந்துச்சு, அண்ணன் இல்லாதப்ப எடுத்து வாசிச்சுப் பழகினதுதான். அண்ணன் வாங்கி வச்ச ஜாஸ் ரெக்கார்டுகளையும் கேட்டிருக்கார், போலியோ வர்றதுக்கு முன்னாடியே ஒமாஹால ஒரு கச்சேரில ஜாஸ் சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கர நேர்லயே பார்த்துட்டார், அன்னிக்கே ஜாஸ்னு முடிவு பண்ணிட்டார்.

ஆனா உடனே கிளம்ப முடியல, காசு வேணும்ல. ஸ்பிரிங்ஃபீல்ட்ல செருப்புக் கடைல வேலை பார்த்தார், அங்க இருந்து ஒளிபரப்பான "ஓசார்க் ஜூபிலி"ங்கிற கன்ட்ரி டிவி நிகழ்ச்சில பேஸ் வாசிச்சார். ஓபர்லின் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் கிடைச்சும் அங்க ஜாஸ் இல்லனு வேண்டாம்னுட்டார், 1957ல லாஸ் ஏஞ்சல்ஸ்க்கு கிளம்பிட்டார். வெஸ்ட்லேக்னு ஒரு மியூசிக் காலேஜ்ல சேர்ந்தார், ஆனா அவர் தேடிப் போனது ஹாம்ப்டன் ஹாஸ்ங்கிற பியானோக்காரர, அவர் கூடயும் வாசிச்சுட்டார், ஆர்ட் பெப்பர்ங்கிற சாக்ஸஃபோன்காரர் கூடயும் வாசிச்சுட்டார். வயசு 20, 21 தான்.

அப்புறம்தான் ஆர்னெட். ஒரு கிளப்ல யாரோ ஒருத்தர் வெள்ளை பிளாஸ்டிக் சாக்ஸஃபோனோட மேடை ஏறி வாசிக்க ஆரம்பிக்க, மேடைல இருந்தவங்க கொஞ்ச நேரத்துலயே நிறுத்தச் சொல்லிட்டாங்க, அந்த ஆள் பின்வாசல் வழியா போயிட்டார். அவரத் தேடிக் கண்டுபிடிச்சு வீட்டுக்கே போயிட்டார் ஹேடன், ரூம் பூரா எழுதின மியூசிக் தாள் சிதறிக் கிடக்கு. எழுதும்போது மனசுல இருந்த கோர்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) இதெல்லாம், வாசிக்க ஆரம்பிச்சதும் இத விட்டுடு, நான் வாசிக்கிறதக் கேட்டு நீயா ஒண்ணு உருவாக்குன்னு ஆர்னெட் சொன்னாராம். 1959 நவம்பர்ல நியூயார்க் ஃபைவ் ஸ்பாட் கிளப்ல ஆர்னெட்டும் ஹேடனும் இருந்த நாலு பேர் குழு இறங்கினப்ப ஊரே ரெண்டா பிரிஞ்சு சண்டை போட்டுச்சு. ரெண்டு வாரத்துக்குன்னு பேசின கச்சேரி ரெண்டு மாசத்துக்கு மேல ஓடுச்சு. ஒரு நாள் கண்ண மூடி வாசிச்சுட்டு இருந்து திறந்து பார்த்தா, மேடைல ஒருத்தர் பேஸ்ல காத வச்சுக் கேட்டுட்டு இருக்கார், பெரிய ஆர்க்கெஸ்ட்ரா நடத்துனர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன்! இத ஹேடனே பேட்டில சொல்லியிருக்கார்.

நாலு கம்பி:

அண்ணே அருமையா எழுதியிருக்கீங்க. நான் பத்து வருஷத்துக்கு மேல சர்ச்ல பேஸ் கிட்டார் வாசிக்கிறவன், அதனால வாசிப்பு பத்தி மட்டும் சொல்றேன்.

நடுவுல என்ன ஆச்சுன்னு கேட்டிருக்கீங்க, என் பார்வைல அவர் அந்த ஊர்ப் பாட்ட விட்டுட்டு ஜாஸுக்கு வரவே இல்ல, கூடவே தூக்கிட்டு வந்துட்டார். ஆர்னெட்டோட "லோன்லி வுமன்" கேளுங்க, 1959 மே மாசம் ரெக்கார்டு பண்ணது, டிரம்ஸ் வேகமா ஓடிட்டு இருக்கும், இவர் ரெண்டு கம்பியச் சேர்த்து மெதுவா ஒரே சுருதில நிப்பார், நம்ம காதுக்கு தம்புரா மாதிரி இருக்கும். அதே வருஷம் ரெக்கார்டு பண்ண "ராம்ப்ளின்"ல அவரோட சோலோ இன்னும் நேரடி, அதுல "ஓல்ட் ஜோ கிளார்க்"னு பழைய ஃபிடில் பாட்டு அப்படியே வந்துட்டுப் போகும். நியூயார்க்ல உலகத்துலயே புதுசுன்னு சொன்ன மியூசிக்குக்கு நடுவுல, சின்ன வயசுல கேட்டு வளர்ந்த பாட்டு! அந்த சோலோல இருந்து ஒரு துண்ட எடுத்துத்தான் பிரிட்டன்ல இயன் டூரி பின்னாடி ஒரு ராக் பாட்டே போட்டார்.

இன்னொண்ணு, மத்த பேஸ்காரங்க ஸ்பீடு காட்டுற இடத்துல இவர் காட்டவே மாட்டார். மேல் ரெண்டு கம்பிக்கு ஸ்டீல் போடாம குடல் கம்பி போட்டிருப்பார், அதான் அந்த மரச் சத்தம். நானும் ஆரம்பத்துல வேகமா ஓடிட்டு இருந்தவன், இவரக் கேட்ட அப்புறம்தான் பாட்டுக்குக் கீழ நிக்கிறதுன்னா என்னனு புரிஞ்சுது, ஞாயித்துக்கிழம பாடுறவங்களே வந்து இப்பதான் பாட வசதியா இருக்குன்னு சொன்னாங்க.

நடுராத்திரி ரேடியோ:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, "லோன்லி வுமன்" இப்பதான் கேட்டேன், நீங்க சொன்ன அந்த சுருதி பிடிபட்டுச்சு. நியூயார்க் போன அப்புறம் எல்லாம் நல்லபடியா போச்சா? அப்புறம் அவர் திரும்பப் பாடவே இல்லையா?

பழைய ரெக்கார்டு:

நல்லபடியான்னா இல்ல. ஹெராயின் பழக்கத்துல மாட்டிக்கிட்டார், அதனாலயே 1960ல ஆர்னெட் பேண்ட விட்டு வெளிய வர வேண்டியதா போச்சு. கலிஃபோர்னியால சினனான்ங்கிற மறுவாழ்வு மையத்துல இருந்து மீண்டு வந்தார். திரும்பி வந்தவர் சும்மா இருக்கல, 1969ல லிபரேஷன் மியூசிக் ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பிச்சார், ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ப் பாட்டு எல்லாம் அதுல வரும். 1971ல போர்ச்சுகல்ல ஒரு ஜாஸ் விழா, அங்க அப்ப சர்வாதிகாரம், இவர் மேடையேறி தன்னோட "சாங் ஃபார் சே"வ மொசாம்பிக், அங்கோலா, கினி விடுதலை இயக்கங்களுக்கு சமர்ப்பணம்னு அறிவிச்சுட்டார். அடுத்த நாள் லிஸ்பன் ஏர்போர்ட்லயே ரகசிய போலீஸ் பிடிச்சுட்டாங்க, அமெரிக்கத் தூதரகம் தலையிட்டுத்தான் வெளிய வந்தார். 1982ல கலிஃபோர்னியால கால்ஆர்ட்ஸ்ங்கிற கலைக் கல்லூரில ஜாஸ் படிப்ப ஆரம்பிச்சு வச்சதும் இவர்தான்.

பாடினார் சார். 1999ல அவரோட குவார்ட்டெட் வெஸ்ட் குழு ஆல்பத்துல "வேஃபேரிங் ஸ்ட்ரேஞ்சர்" அவர் குரல்லயே இருக்கு, 60 தாண்டின அப்புறம். அப்புறம் 2008ல "ராம்ப்ளிங் பாய்"னு முழு கன்ட்ரி ஆல்பம், பாட் மெத்தீனியும் அதுல உண்டு. மூணு பொண்ணுங்க, ஒரே பிரசவத்துல பிறந்தவங்க, அப்பா சின்ன வயசுல குடும்பத்தோட பாடின மாதிரியே சேர்ந்து ஹார்மனி பிடிப்பாங்க. மகன் ஜாஷும் பாடுறார், நீங்க கேட்டுட்டு இருக்கிற ஆல்பத்துல கடைசில வர்ற "ஸ்பிரிச்சுவல்" அவர் எழுதினதுதான்.

அந்த 2008 ஆல்பத்துல 1939 ரேடியோ நிகழ்ச்சியோட ஒரு துண்டும் இருக்கு, ரெண்டு வயசு சார்லி யோடல் பண்றது. அதே ஆல்பத்துல அவரே "ஓ ஷெனண்டோவா" பாடியிருக்கார், பிறந்த ஊர்ப் பேரும் அதான். 70 வயசுக் குரல், நடுங்குது, சில இடத்துல மூச்சுதான் கேக்குது, ஆனா ஒவ்வொரு சொல்லையும் பேஸ் வாசிக்கிற மாதிரியே நிதானமா வைக்கிறார். 2014 ஜூலைல இறந்துட்டார். முதல்ல அந்தக் குழந்தைக் குரலக் கேட்டுட்டு உடனே இதப் போடுங்க, ஹெட்ஃபோன்ல.

நாலு கம்பி:

இந்த 1939 துண்டு எனக்கே தெரியாதுண்ணே, கேட்டுட்டு வந்து எழுதுறேன்.